உதடு சேரும் மாதம்

நர்சு பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார். என் தங்கையின் மாமியார் அந்த முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு கட்டிலில் கிடந்தவளைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"கிரகணத்தன்னைக்கு அருவாமணைய எடுத்தால்லா. படிச்சுப் படிச்சு சொன்னேன், கேட்டாளா?"

பிள்ளைக்கு மேலுதடு பிளந்திருந்தது. உள்ளே அண்ணமும் சேரவில்லை. பெற்று இன்னும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காதவளிடம் சொல்கிற வார்த்தையா அது?

2010 தொடக்கத்தில் எங்கள் பக்கம் நட்ட நடு மத்தியானத்தில் சூரிய கிரகணம் வந்தது. சூரியன் வளையமாகத் தெரிந்தது. ஊரே வேடிக்கை பார்த்தபோது கர்ப்பிணிகளை மட்டும் கதவு சன்னல் எல்லாம் அடைத்து உள்ளே உட்கார வைத்தார்கள். கத்தி தொடக்கூடாது, எதையும் நறுக்கக்கூடாது, மீறினால் பிள்ளைக்கு உதடு அறுந்துபோகும் என்பது இங்கே வழக்கம். பூதப்பாண்டியில் மாமியார் வீட்டிலிருந்த தங்கைக்கு அப்போது ஏழு மாதம். அன்று காலையிலிருந்து அவளுக்கு யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை. பசி பொறுக்காமல் அடுக்களைக்குப் போய் ஒரு துண்டு மரச்சீனிக் கிழங்கை நறுக்கி வேகவைத்துத் தின்றாள். அவள் செய்தது அவ்வளவுதான்.

நான் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். கருவில் முகம் உருவாவதை வருடா வருடம் கரும்பலகையில் வரைகிறேன். முகம் ஒரே துண்டாக முளைப்பதில்லை. நெற்றியிலிருந்து ஒரு பகுதி இறங்கும், இரண்டு பக்கமிருந்தும் இரண்டு வளர்ந்து வரும், நடுவில் வந்து ஒட்டும். எங்கே வளர வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதைச் செல்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்கின்றன. ஒரு செல் ஒரு வேதிப்பொருளை வெளியே விடும். பக்கத்துச் செல்லின் மேல் அதை வாங்கிக்கொள்ள ஓர் ஏற்பி இருக்கும். வாங்கிய சேதி, கான்கிரீட் போடும்போது சட்டி கைமாறிப் போவதுபோல, ஒரு புரதத்திடமிருந்து இன்னொன்றுக்குப் போய் உட்கருவைச் சேரும். இடையில் ஒரு கை பிசகினால் ஒட்ட வேண்டியது ஒட்டாது. நிறுத்து என்ற சேதி பெரியவர்கள் உடம்பில் பிசகினால் புற்றுநோய்கூட வரும். மேலுதடு சேர்வது இரண்டாம் மாதத்தில். ஏழாம் மாதத்தில் அரிவாள்மணை இல்லை, மரம் அறுக்கிற வாளையே எடுத்தாலும் சேர்ந்த உதடு பிரியாது.

இதையெல்லாம் என்னோடு சேர்ந்து நடத்துகிற ஒருவர் இருக்கிறார். இந்தப் பாடத்தில்தான் டாக்டர் பட்டம். பிள்ளையின் சேதி கேட்டதும் ஆசிரியர் அறையில் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்.

"கிரகணத்துக்கு வெளிய வந்தாளோ மேடம்? இல்ல, நமக்கு நம்பிக்கை இல்லதான். இருந்தாலும் கொஞ்சம் பாத்து இருந்திருக்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப இனி பிள்ளைகளுக்கு அதையே நடத்துங்க சார், படம் வரையற வேலையாவது மிச்சம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். மாமியாரையாவது மன்னிக்கலாம், இந்த ஆளை என்ன செய்வது?

பிள்ளைக்கு உறிஞ்சிக் குடிக்க வரவில்லை. பாலைப் பீய்ச்சி பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் புகட்ட வேண்டும். தங்கை அதைச் செய்வாள். செய்து முடித்ததும் ஒரு தோர்த்துத் துண்டால் பிள்ளையின் முகத்தை மூடிவிடுவாள். வருகிறவர்கள் பார்க்கக்கூடாது என்பதற்காக என்றுதான் முதலில் நினைத்தேன். அவள்தான் பார்க்க முடியாமல் மூடினாள். தைத்துச் சரியாக்கிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் காதில் அதெல்லாம் விழவில்லை. தன் கையாலேயே பிள்ளையின் உதட்டை அறுத்ததாக நம்பிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை உட்காரவைத்து, வகுப்பில் சொல்வது எல்லாவற்றையும் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். அவள் முகம் தெளிவதுபோல் இருந்தது. அப்புறம் கேட்டாள்.

"அப்ப ரெண்டாம் மாசம் நான் என்னக்கா செஞ்சேன்?"

அவளே விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.

"ஒரு காய்ச்சல் வந்து மாத்திர போட்டேன். ராஜாக்கமங்கலத்துக்குப் பைக்ல போயிட்டு வந்தோம். அவங்க லீவு முடிஞ்சு துபாய்க்குத் திரும்புனப்ப அழுதுகிட்டே கெடந்தேன். அதுல எதுக்கா?"

ஏழாம் மாதத்திலிருந்து அவளை விடுவித்து இரண்டாம் மாதத்தில் கொண்டுபோய்க் கட்டிவைத்திருந்தது என் பாடம். பெரும்பாலும் காரணமே தெரியாது என்றேன், தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் வரலாம் என்றேன். அவள் காய்ச்சல் மாத்திரையின் பெயரை யோசித்துக்கொண்டிருந்தாள். அவள் மேல்கூட எனக்குக் கோபம் வந்தது. பிள்ளையில் பாதி அவள் புருஷனுடையது. அவனிடம் இந்த ஊரில் ஒரு ஆள் ஒரு கேள்வி கேட்டதுண்டா?

அந்த நேரம் பார்த்து துபாயிலிருந்து அவன் கூப்பிட்டான். போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டேன்.

"இவளுக்கு ரெண்டாம் மாசம் நடந்தப்ப நீங்க என்ன செஞ்சிய?"

"எப்பம்? நானா? நான் என்னத்த செய்ய? டூட்டிக்குப் போயிருப்பேன். அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு? ஏன் கேக்கிய?"

அவன் குரலில் பயம் இல்லை, குற்ற உணர்வு இல்லை. கேள்வியே அவனுக்குப் புரியவில்லை.

தங்கை போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மாசம் அவங்களும்தான கூட இருந்தாங்க. அவங்களுக்கு ஞாபகமே இல்லக்கா" என்றாள். பிறகு கையை நீட்டி, பக்கத்தில் கிடந்த பிள்ளையின் முகத்திலிருந்த தோர்த்தை எடுத்துவிட்டுப் பார்த்தாள்.