நிவாரணப் பணமும் பேர் வெட்டிய அண்டாவும்

பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிறவனுக்கு உளியும் சுத்தியும் அப்புறம்தான். கேட்ட பேரைக் கேட்டபடி வெட்டிவிட்டு, அந்தப் பேருக்கு உரியவர் எங்கே என்று கேட்காமல் இருக்கிற வாய்தான் முதலில் வேண்டும். கடையில் நின்று கால் கடுத்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். எனக்கு இயல்பிலேயே குரல் கம்மி. "ஊமையன் மாதிரி நிக்கறானே, யாவாரம் எப்படி ஆவும்?" என்று முதலாளி திட்டுவார். ஆனாலும் அந்தக் குரலை வைத்துக்கொண்டே திருவண்ணாமலைத் தேரடிப் பக்கம் அந்தக் கடையில் எழுபதுகளில் சில வருஷங்களை ஓட்டினேன்.

தாத்தா சொன்ன பேய்க் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தப் பேய்கள் புளியமரத்தில் இருந்தன, சுடுகாட்டு வழியில் நெருப்புக் கேட்டன. ஒன்றுகூட சர்க்கார் பணத்தோடு கடை ஏறி வந்ததில்லை.

சில்லென்ற நோட்டு

அந்த வருஷம் ஐப்பசி மழையில் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு ஏரி உடைந்தது. வீடு போனவர்களுக்கு ஒரு தொகை, ஆள் போன வீட்டுக்கு அதைவிடப் பெரிய தொகை என்று சர்க்கார் நிவாரணம் கொடுத்தது. தை மாசம் தாலுக்கா ஆபீசில் பணம் வாங்கியவர்கள் எதிரில் ஒரு டீயைக் குடித்துவிட்டு நேராக எங்கள் தெருவுக்குத்தான் வந்தார்கள். பாங்க்கு வாசலை மிதிக்காத வீடுகளுக்குப் பித்தளைதான் பாங்க்கு. கையில் காசு வந்தால் அண்டா, தவலை, குடம் வாங்கிப் பேர் வெட்டி வைப்பார்கள். முடை வந்தால் அதையே அடகுக்குத் தூக்குவார்கள். முதலாளி வாசலில் புது அண்டாக்களை வாய் மேலே பார்க்க வரிசையாக வைத்தார், மழைக்கு வைக்கிற மாதிரி.

எல்லாம் கட்டுக் குலையாத புது நோட்டுகள். ஆனால் முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்து நீட்டும்போது ஒவ்வொன்றும் சில்லென்று இருந்தது. லேசாகச் சேற்று வாசனை வேறு. வெளியே நல்ல வெயில். யார் துணியிலும் ஈரம் இல்லை. தராசுக்கு நிற்கிற ஏகாம்பரம் அண்ணன் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மறுபடியும் துடைத்துக்கொண்டார். பிறகு என் காதோரம் வந்து சொன்னார்: "ஏரி இன்னும் வடியலடா தம்பி, இப்பதான் நம்ம கடைக்குள்ள வருது."

காது வைத்துப் பார்த்தவர்

பாத்திரம் வாங்குகிறவர்கள் விரலால் சுண்டிப் பார்ப்பார்கள், ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். நிவாரணப் பணத்தோடு வந்த ஒரு பெரியவர் அண்டாவுக்குள் தலையையே விட்டார். வெகுநேரம் அப்படியே இருந்தார். தலையை எடுத்ததும், "இது வேணாம். வேற குடுங்க" என்றார். அடுத்ததிலும் தலையை விட்டார். அதுவும் வேண்டாம். கடையிலிருந்த அண்டாவை எல்லாம் இறக்கி வைத்தாயிற்று.

"இன்னாதான் பாக்கறீங்க பெரியவரே?" என்று முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "தண்ணி வர்ற சத்தம் கேக்குதுங்க" என்றார் அவர், ஏதோ நசுங்கல் இருக்கிறது என்று சொல்வதைப் போல. காலி அண்டாவில் காது வைத்தால் யாருக்கும் 'ஹோ' என்றுதான் கேட்கும், அது காற்று என்று எடுத்துச் சொன்னேன். என் குரல் அவருக்கு எட்டவில்லை போலிருக்கிறது. கடைசியில் சின்னதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு எங்களைச் சமாதானப்படுத்தினார்: "இதுல கொஞ்சம் கம்மியா கீதுங்க, பசங்க கூப்புடற சத்தம் இல்ல."

சுத்தியின் சத்தம்

எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். அதனால் பேர் வெட்டுகிற இடத்துக்குத் துணைக்கு ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். சரோஜா தன் நாத்தனாரோடு வந்தாள். கடையிலேயே பெரிய அண்டா ஒன்று, தவலை இரண்டு, குடம். பணம் முழுதும் அதற்கே போயிற்று. நாத்தனார்தான் பேரைச் சொன்னாள். "முனுசாமின்னு போடுங்க. எங்க அண்ணன். ஏரிக்கரை மோட்டார் கொட்டாய்க்குப் போறேன்னு போனவரு, அன்னிக்கே ஏரி உடைஞ்சிடுச்சு. உடம்புகூட கெடைக்கல. மணியக்காரர் சாட்சி சொல்லி இந்தப் பணம் வந்துது." செத்தவர் பேரோடு 'நினைவாக' என்று சேர்த்து வெட்டுவது வழக்கம் என்றேன்.

"அதெல்லாம் வேணாம். பேரு மட்டும் போதும்" என்றாள் சரோஜா. அப்போதுதான் அவள் நெற்றியைப் பார்த்தேன். குங்குமம் அப்படியே இருந்தது. "காரியம் முடிஞ்சி எவ்ளோ நாளாச்சு, இவ இன்னும் பொட்ட அழிக்கல. ஊரே காறித் துப்புது" என்று நாத்தனார் என்னிடம் நியாயம் கேட்டாள். நான் உளியை வைத்துத் தட்ட ஆரம்பித்தேன். அண்டா கணீரென்று அதிர்ந்தது. சரோஜா சட்டென்று குனிந்து அண்டாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "மெதுவா தட்டுங்கண்ணா, அவருக்குச் சத்தம்னா ஆவாது."

பெரிய தட்டு

மாசி கடைசியில் சரோஜா தனியாக வந்தாள். ஒரு சோற்றுத் தட்டு வேண்டும், பெரிதாக, ஆம்பிளை சாப்பிடுகிற தட்டாக. வீட்டில் ஆண் பிள்ளை யாரும் இல்லை என்று நாத்தனார் முன்பே சொல்லியிருந்தாள். ஏகாம்பரம் அண்ணன் அவளுக்குக் கேட்காதபடி, "படைக்கறதுக்கு வாழை எலை போதாதா?" என்று முனகினார். அவள் முகத்தில் போன தடவை இல்லாத ஒரு தெளிவு இருந்தது. தலையில் பூ வேறு. ஊர்க்காரி ஒருத்தி தெருவில் போவதைப் பார்த்ததும் அதை அவசரமாகப் பிய்த்து மடியில் போட்டுக்கொண்டாள்.

இருக்கிறதிலேயே பெரிய தட்டை எடுத்து வைத்தேன். பேர் வெட்டணுமா என்று கேட்டேன். "இதுல வேணாங்கண்ணா, யாரும் பாக்கக் கூடாது" என்றவள், தட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சொன்னாள்: "பழைய தட்டுல அவருக்குச் சோறு பத்தல."

பழைய பித்தளை

பங்குனி வெயிலில் தெரு காலியாகக் கிடந்த ஒரு உச்சிப்பொழுதில், துண்டால் முகத்தை மூடிய ஒரு ஆள் அண்டாவைத் தலையில் சுமந்துகொண்டு வந்தான். அவன் இறக்கி வைத்ததுமே விளிம்பில் என் உளி வேலை தெரிந்தது. "இது முனுசாமி அண்டா ஆச்சே. அவரு ஏரியில போனவராச்சே" என்றேன். அவன் துண்டை எடுத்தான். "ஆமாங்க. நான்தான்" என்றான்.

ஏகாம்பரம் அண்ணன் கையிலிருந்த படிக்கல் கீழே விழுந்தது. அவன் பாவம், நாங்கள் பயப்படுவதைப் பார்த்துப் பயந்தான். வீட்டில் கோபித்துக்கொண்டு பெங்களூர் லாரி ஏறியவனுக்கு ஏரி உடைந்த சேதியே தெரியாதாம். மாசியில் திரும்பி வந்து பார்த்தால் அவன் போட்டோவுக்கு மாலை. அன்றையிலிருந்து பகலில் வைக்கோல் போருக்குப் பின்னால், இருட்டினால் வீட்டுக்குள். மணியக்காரரிடம் மட்டும் ஆள் விட்டுக் கேட்டிருக்கிறான். வாங்கின பணத்தை முழுதாகக் கட்டினால் இவன் உயிரோடு இருப்பதாக எழுதலாம். கட்டாவிட்டால் பொய் சொல்லிப் பணம் வாங்கினதாகச் சரோஜா ஜெயிலுக்குப் போக வேண்டும் என்றாராம். அதனால் பாத்திரத்தை எல்லாம் விற்கப் போகிறான், முதலில் இந்த அண்டா.

முதலாளி எடை போடச் சொன்னார். வந்த தொகை வாங்கின விலையில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே. "புதுசுங்க, ஒரு நாள்கூட தண்ணி ரொப்பல" என்றான் முனுசாமி. "பேரு வெட்டிட்டா பழசுதாம்ப்பா. எந்தக் கடைக்கு வேணா போ, இதான் வெலை" என்றார் முதலாளி. அது உண்மை. பேரைத் தேய்த்து எடுக்க முடியாதா என்று அவன் என்னைப் பார்த்தான். தேய்த்தால் எடை இன்னும் குறையும் என்று சொல்ல வேண்டியிருந்தது. எப்போதும் எட்டாத என் குரல் அன்றைக்கு நன்றாகவே எட்டியது. அவன் தன் பேரை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தான். துண்டை மறுபடி முகத்தில் சுற்றிக்கொண்டு அண்டாவைத் தலைக்குத் தூக்கினான்.

"அப்ப வீட்டுக்கே எடுத்துக்கினு போறேங்க. நெலத்துல கடலை போட்டு நாலு காசு பாக்கற வரைக்கும் நான் செத்தே இருந்துட்டுப் போறேன்."

சர்க்கார் ஆளைப் பணமாக்கியது, நாங்கள் பணத்தைப் பித்தளையாக்கினோம், அந்தப் பித்தளையை மறுபடி ஆளாக்கித் தருகிற கடை மட்டும் தேரடித் தெருவில் இன்னும் திறக்கவில்லை.