இடது கைக் கொடி

வள்ளிமயிலுக்குப் பேச்சுதான் கொஞ்சம் உரக்க வரும். மத்தபடி தானுண்டு தீப்பெட்டி ஆபீஸ் உண்டுன்னு இருந்தவதான். கழுகுமலை ரோட்டுல அவ ஊரு. புருசன் வெயிலுமுத்து பட்டாளத்துக்காரர். தொண்ணூத்தி மூணுல ஐ.நா. படையோட சோமாலியாவுக்குப் போனவர், மறுவருசம் பொணமாத்தான் வந்தார். பின்னாலயே அவர் டிரங்குப் பெட்டியும் வந்தது, உள்ளே அவர் போட்ட சட்டை.

அந்தச் சட்டையில இடது கைக்கு மேல்பக்கம் நம்ம கொடி தைச்சிருக்கும். அதைப் பத்தியே கடுதாசியில அரைப்பக்கம் எழுதியிருந்தார். "நம்ம நாட்டுக்குள்ள இருந்தவரைக்கும் எனக்கு இது கிடையாது. அந்நிய மண்ணுக்குக் கிளம்பையிலதான் தைச்சுக் குடுத்தாக. எதிர்ல வாரவன் என் பேரைக் கேக்க மாட்டான் புள்ள, இதைத்தான் பாப்பான்."

ஊர் கூடி அவருக்குச் சிலை வச்சது. செஞ்சவர் செண்பகராஜ், அய்யனார் கோயிலுக்குக் குதிரை செய்யுதவர். மீசை, தொப்பியெல்லாம் நல்லாத்தான் வந்திருந்தது. கொடியை மட்டும் கொண்டுபோய் நெஞ்சுல தீட்டிவச்சிருந்தார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக ஆகஸ்ட் பதினஞ்சுக்குக் குத்திக்கிடுமே, அந்த மாதிரி. திறப்புக்கு மொத நாள்தான் வள்ளிமயில் பாத்தா.

ஓடிப்போய்ச் சட்டையை எடுத்தாந்து விரிச்சா. சிலைக் கமிட்டித் தலைவர் சுந்தரபாண்டி ஏறெடுத்தும் பாக்கலை.

"நெஞ்சுல இருந்தாத்தாம்மா எடுப்பா இருக்கும். விடு, விடு."

"எடுப்பா இருக்கதுக்கு அவிய என்ன கல்யாண மாப்பிள்ளையா அண்ணாச்சி? இனி காலத்துக்கும் அவிய இங்கன நிக்கணும். இல்லாத கோலத்துல நிக்க விடமாட்டேன்."

சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு, சிலையைச் சுத்திக் கட்டியிருந்த சாரத்துல ஏறியே போட்டா. கீழே ஒரே கூச்சல்.

"ஏட்டி, தாலியறுத்தவ திறப்புக்கு முந்தி பீடத்துல கால் வைக்கலாமா? எறங்குட்டி!"

"எம் புருசனைத் தொட நான் ஒங்ககிட்ட உத்தரவு வாங்கணுமோ?"

செண்பகராஜ் அவ விரிச்சுவச்ச சட்டையை எடுத்து ஒருதரம் பாத்தார். பெயிண்ட் டப்பாவையும் பிரஷையும் மேலே நீட்டினார். "காவி மேல வரணும்மா, பாத்து." நெஞ்சுல இருந்த கொடியைச் சட்டைக் கலர்ல அழிச்சுட்டு, இடது கையில அவளே தீட்டினா. சக்கரம் கொஞ்சம் கோணலாத்தான் விழுந்தது. விழட்டுமே!

சுந்தரபாண்டிக்கு ரோசம். மறுநாள் மேடையில அவளுக்குப் போட்டிருந்த நாற்காலியை எடுத்துட்டார். அவ கூட்டத்தோட கூட்டமா வெயில்ல நின்னா.

பெரிய மனுசங்க ஒவ்வொருத்தரா வந்து மாலை போட்டாங்க. கமிட்டி மாலை, சங்கத்து மாலை, ரைஸ் மில்காரர் மாலை. கழுத்துல இருந்து இடுப்பு வரைக்கும் பூவு. நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கதே தெரியலை. கடைசியா வந்த பட்டாளத்து அதிகாரி மேலே பாத்தார். இடது கையில கொடி தெரிஞ்சது. நிமிர்ந்து நின்னு சல்யூட் அடிச்சார்.

கூட்டத்துக்குப் பின்னால இருந்து வள்ளிமயில் குரல் வந்தது.

"அண்ணாச்சி! இப்பச் சொல்லுங்க, எங்கன இருந்தா எடுப்பு?"