ராணிக்கு நான்கு நாள்

என் கூட்டாளி மதுரைவீரனைப் பார்த்து அவன் வீட்டு நாயே குரைக்கும். சிரிக்காதீர்கள். பத்தொன்பது வருஷம் சவுதியில் கிடந்தவன். நாய் வாங்கியதைக்கூட போட்டோவில்தான் பார்த்தான். போன தை மாதம் ஒரேயடியாக ஊர் திரும்பியபோது, அறந்தாங்கிப் பக்கம் அவனே கட்டிய வீட்டில் எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்று அவனுக்குத் தெரியவில்லை.

மனைவி அன்புச்செல்வி நல்லவள். மகள் தேவிப்ரியாவும் மரியாதையான பிள்ளை. அந்த மரியாதைதான் அவனைக் கொன்றது. புதுத் தட்டெடுத்து இவனுக்குச் சோறு போட்டுவிட்டு, இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துச் சாப்பிடுவார்கள். இவன் எட்டிப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.

"என்னங்க, எதுவும் வேணுமா?"

"ஒண்ணும் வேணாம்."

இவனும் லேசுப்பட்டவனில்லை. வந்த அன்றே குரைத்த நாயைச் செருப்பால் அடித்தான். மறுநாள் டிவியை இடம் மாற்றினான். அதற்கடுத்த நாள் மகள் ஏன் பஸ்ஸில் தாமதமாக வருகிறாள் என்று விசாரணை. பத்தொன்பது வருஷம் இவனில்லாமல் ஓடிய வீடு, சட்டென்று வாய் மூடிக்கொண்டது.

அப்புறம்தான் தேனீ வளர்க்கும் கீரனூர் ஜெபக்குமாரிடம் தொழில் கேட்டுக்கொண்டு, முந்திரித் தோப்பில் பத்துத் தேனீப் பெட்டி வைத்தான். பொழுதெல்லாம் அங்கேதான். என் டூவீலர் பட்டறையை அடைத்துவிட்டு நான் டீ வாங்கிப் போவேன். என்னை விட்டால் அவனுக்குப் பேச நாதியில்லை.

மாசியில் ஏழாவது பெட்டியின் ராணி செத்துப்போனது. ராணியின் உடம்பில் ஒரு வாசம் ஊறுமாம். பக்கத்திலிருக்கும் வேலைக்காரத் தேனீக்கள் அவளை நக்கி, அந்த வாசத்தை ஒன்றுக்கொன்று கடத்தும். அது வந்துகொண்டிருக்கும்வரை கூடு நிம்மதியாக வேலை பார்க்கும். நின்றால் அரை நாளில் எல்லாவற்றுக்கும் தெரிந்துவிடும். அன்று அந்தப் பெட்டி போட்ட இரைச்சலை நானே கேட்டேன். அழுகைதான், வேறென்ன? அப்படியே விட்டால் வேலைக்காரிகளே முட்டையிடும். அதில் வேலைக்கு உதவாத ஆண் தேனீக்களைத் தவிர வேறெதுவும் பிறக்காது. கூடு அழிந்துவிடும்.

ஜெபக்குமார் சின்ன வலைக்கூண்டில் புது ராணி கொடுத்தார். "நாலு நாள் கூண்டோட பெட்டிக்குள்ள வைங்க. வெளிய இருந்தே மோந்து பழகட்டும். அவசரப்படாதீங்க."

இந்தப் புண்ணியவான் அன்று சாயங்காலமே கூண்டைத் திறந்துவிட்டான். கால்மணி நேரத்தில் தேனீக்கள் பந்தாகச் சூழ்ந்து, ராணியைத் தங்கள் உடம்புச் சூட்டிலேயே வேகவைத்துக் கொன்றுவிட்டன.

"ஏன்டா அறிவுகெட்டவனே, படிச்சுப் படிச்சு சொன்னாரே!"

"வந்தவளக் கம்பிக்கு அந்தப் பக்கமே நிக்க வைக்க மனசு வரலடா மாப்ள." சொல்லும்போதே அழுதான். ஐம்பத்திரண்டு வயது ஆள். "இன்னொரு ராணி வாங்கியாரேன். இந்தக் கூடும் சேத்துக்கலேன்னா நான் திரும்பப் ப்ளேன் ஏறிடுறேன். அந்த சவுதி ரூம்ல நான் யாருக்கும் விருந்தாளி இல்ல."



இரண்டாவது ராணிக்குத் தோப்பிலேயே காவல் கிடந்தான். நான்கு நாள் வீட்டுக்குப் போகவில்லை. முதல் நாள் தேனீக்கள் வலையைக் கடித்தன. மூன்றாம் நாள் கம்பி வழியாக அவளுக்கு ஊட்ட ஆரம்பித்தன. நான்காம் நாள் கதவைத் திறந்தோம். ராணி மெதுவாக இறங்கி நடந்தாள். சுற்றி நின்றவை வழிவிட்டு, அவளை நக்கின. பெட்டி இரைச்சல் அடங்கியது. எனக்கே கண் கலங்கிவிட்டது, போங்கள்.

"வண்டிய எடுடா, வீட்டுல சொல்லணும்" என்றான். அப்படியொரு சந்தோஷத்தில் அவனை நான் பார்த்ததேயில்லை.

வாசல் கம்பிக் கேட்டில் அவன் கை வைத்ததும் நாய் பாய்ந்து வந்து குரைத்தது. உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அன்புச்செல்வி எட்டிப் பார்க்காமலே குரல் கொடுத்தாள்.

"யாருங்க அது? அவுக வீட்டுல இல்லீங்க. தோப்புலதான் இருப்பாக, அங்கிட்டுப் போய்ப் பாருங்க!"

எனக்குச் சுருக்கென்றது. "தங்கச்சி, ஒம் புருஷன்தான் நிக்கிறான்" என்று கத்த வாயெடுத்தேன். மதுரைவீரன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கம்பி வழியே உள்ளங்கையை உள்ளே நீட்டினான். நாய் பல்லைக் காட்டிக்கொண்டே கிட்டே வந்தது.

"இருடா மாப்ள," என்றான். "மோந்து பாக்கட்டும்."