ஆள் இல்லாத இடத்துக்கு ஒரு வீச்சு

எழுபதுகளின் பிற்பகுதியில் ராஸ் அல் கைமாவில் சிமெண்ட் ஆலை கட்டிக்கொண்டிருந்த கம்பெனியில் நான் டைம்கீப்பர். யார் எப்போது டியூட்டிக்கு வந்தார்கள், எப்போது போனார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. அதற்கு ஒரு பி.காம். எதற்கு என்று கேட்காதீர்கள், நானும் கேட்டுக்கொள்ளவில்லை. ஊரில் மகள் பிறந்ததாகத் தந்தி வந்தது. படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கேட்டில் போய் நின்றேன். சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. பசித்தது, சாப்பிட்டேன். அந்த வருஷங்கள் முழுக்க எனக்கு அப்படித்தான் போயின.

வெள்ளிக்கிழமை மட்டும் உடம்பில் கொஞ்சம் உயிர் இருக்கும். கேம்ப்புக்குப் பின்னால் சரளைக்கல் பொட்டலில் கயிற்றுப்பாய் விரித்து கிரிக்கெட் ஆடுவோம். நான் விக்கெட் கீப்பர், கேப்டனும் நானே. ஆட்டத்திறமைக்குக் கிடைத்த பதவி அல்ல. எங்கள் மானேஜர் இங்கிலீஷ்காரர், கிரிக்கெட் பைத்தியம். அவரிடம் போய் மட்டை வேண்டும், பந்து வேண்டும் என்று இங்கிலீஷில் கேட்க ஓர் ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

ஆலையின் பெரிய சூளையைப் பொருத்துவதற்குத் தைவானிலிருந்து ஒரு கூட்டம் வந்திருந்தது. அதில் ஒரு வெல்டர், முப்பத்தைந்து வயதிருக்கும், வெள்ளிக்கிழமைகளில் எல்லைக்கோட்டுக்கு வெளியே குத்தவைத்து எங்கள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் பந்து அவர் பக்கம் உருண்டு போனது. எடுத்து வீசினார். வீச்சா அது! நேர்க்கோட்டில் வந்து என் கிளவுஸில் அறைந்தது. உள்ளங்கை சாயங்காலம் வரை எரிந்தது.

"அண்ணே, அந்தாளு கையா அது, வில்லா? மொதல்ல அவனை டீமுல போடுங்க. நம்ம பயலுக எறியற பந்து ஸ்டம்ப்புக்கு வந்து சேர்றதுக்குள்ள எனக்கு ஒரு தூக்கம் முடிஞ்சிருது" என்றான் என் ரூமில் இருந்த புதுக்கோட்டைக்காரன். கம்பி கட்டுகிறவன், வாய் சும்மா இருக்காது.

அப்படித்தான் அவர் எங்கள் டீமுக்கு வந்தார். எல்லோரும் 'சீனாபாய்' என்று கூப்பிட்டார்கள். "சீனா மாஃபி, தைவான்" என்று, சீனா இல்லை என்று, ஒவ்வொரு முறையும் திருத்துவார். யார் கேட்டார்கள்? கொஞ்சம் இந்தி, கொஞ்சம் அரபி, கொஞ்சம் இங்கிலீஷ், மீதி கை ஜாடை. அதை வைத்துக்கொண்டே தன் கதையை எனக்குச் சொன்னார். நாலு காலி சிமெண்ட் சாக்கைச் சாய்சதுரமாகப் போட்டுக் காட்டினார். பேஸ்பாலில் பந்தை அடித்தவன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு வலதுபுறம் இருக்கும் முதல் சாக்குக்கு ஓடவேண்டும். இவர் நின்றது எதிர்ப்பக்கம், இரண்டாவது சாக்குக்கும் மூன்றாவது சாக்குக்கும் நடுவில். தரையோடு வரும் பந்தைப் பொறுக்கி, ஓடுகிறவன் போய்ச் சேருவதற்குள் முதல் சாக்கில் நிற்கும் தன் ஆளிடம் எறிய வேண்டும். பள்ளிக்கூட நாளிலிருந்து அதுதான் அவர் வேலை. ஜப்பானில் ஒரு டீம் சம்பளம் கொடுத்து எடுத்துக்கொண்டது. நாலைந்து வருஷம் ஆடினார், முழங்கால் போனது, அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்தால் அங்கே பந்து விளையாட்டுக்கென்று சம்பளம் தருகிறவர் யாரும் இல்லை. ஒரு கம்பெனி டீமில் ஆடிக்கொண்டே அங்கேயே வேலையும் பார்த்தார். நம் ஊர் மில்களில் பந்தடிக்கத் தெரிந்தவனுக்குக் குமாஸ்தா நாற்காலி போடுவார்களே, அதே கதை. கால் ஓட முடியாமல் ஆனதும் நாற்காலியும் போனது. வெல்டிங் கற்றுக்கொண்டு இங்கே வந்துவிட்டார்.

இதையெல்லாம் ஒரு வருத்தமும் இல்லாமல்தான் சொன்னார். ஒரு விஷயம் சொல்லும்போது மட்டும் முகம் மாறியது. அவர் படித்த பள்ளிக்கூடத்தில் கோச் வேலை காலியாகிறது, அவரைக் கூப்பிடுகிறார்கள். புதுப் பையன்கள் சேரும் சமயத்துக்குள் போய்ச் சேர்ந்தால் வேலை அவருக்கு. ஆனால் காண்டிராக்ட் முடிய இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. பாஸ்போர்ட்டைக் கம்பெனி ஆபீஸில் வாங்கி வைத்திருந்தார்கள். மானேஜர் மனது வைத்தால்தான் உண்டு.

கூட்டிக்கொண்டு போய் நானே பேசினேன். மானேஜர் சிரித்தார். வருஷா வருஷம் எங்களைப் புரட்டி எடுக்கும் கல்குவாரிக்காரர்களோடு அடுத்த வாரம் மாட்ச். "அவங்களை ஜெயிச்சுக் காட்டச் சொல். நானே ஏர்போர்ட்டுக்குக் கொண்டு போய் விடுகிறேன்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். தைவான்காரர் இடுப்பை வளைத்து அவரை வணங்கினார். எனக்குப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

அந்த வாரம் டியூட்டி முடிந்ததும் தினமும் பழகினோம். "பந்தை எடுத்தா என்னை மட்டும் பாரு பாய், வேற எங்கேயும் பார்க்காதே" என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவரும் எறிந்த ஒவ்வொரு பந்தையும் என் கைக்கே எறிந்தார்.

மாட்ச் அன்று மானேஜர் ஷாமியானாவுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தைவான்காரர் இரண்டு பேரை ரன் அவுட் ஆக்கினார். மூன்றாவது ஆள் பாதி ஓடிவந்து, பந்து யார் கையில் என்று பார்த்துவிட்டுப் பயந்து திரும்பி ஓடினான். ஆட்டம் கடைசிப் பந்துக்கு வந்தது. இரண்டு ரன் எடுத்தால் அவர்கள் ஜெயிப்பார்கள். மட்டையோடு நின்றவன் அவர்களுடைய கடைசி ஆள், லாரி டிரைவர், மட்டை பிடிக்கவே தெரியாதவன்.

கண்ணை மூடிக்கொண்டு சுற்றினான். பந்து தரையோடு தைவான்காரர் பக்கம் போனது. அந்தப் புண்ணியவான் சுற்றிய வேகத்தில் மட்டை கையிலிருந்து நழுவி எங்கேயோ போய் விழுந்தது. அதை எடுக்காமல் வெறுங்கையோடு ஓட ஆரம்பித்தான்.

அதைப் பார்த்துவிட்டார் இவர். மட்டையைப் போட்டுவிட்டு ஓடுகிறவனைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த உடம்புக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். குனிந்தார், பொறுக்கினார், நிமிர்வதற்குள் எறிந்துவிட்டார். என் பக்கம் இல்லை. ஆடுகளத்தைக் குறுக்கே தாண்டி, பேஸ்பாலில் முதல் சாக்கு இருக்குமே, அந்த இடத்துக்கு. அப்படி ஒரு சுத்தமான வீச்சை நான் பார்த்ததில்லை. நெஞ்சு உயரத்துக்குப் போனது. அங்கே ஈ காக்கை இல்லை. பந்து சரளையில் குதித்துக் குதித்து ஓடிக்கொண்டே இருந்தது. அவர்கள் இரண்டு என்ன, நாலே ஓடியிருக்கலாம்.

கல்குவாரிக்காரர்கள் ஒருவரை ஒருவர் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். இவர் எறிந்த கையை இறக்காமல் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் போய்த் தோளைத் தொட்டேன்.

"பால் அச்சா. ஆத்மி மாஃபி" என்றார். பந்து சரியாகத்தான் போனது, பிடிக்கத்தான் ஆள் இல்லை.

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. கிளவுஸைக் கழற்றினேன்.

மறுநாள் சனிக்கிழமை, எல்லோரும் டியூட்டிக்கு வந்தோம். நான் மானேஜரிடம் போனேன். "தோற்றது தோற்றதுதான் சார். ஆனாலும் அந்த ஆளைப் பார்த்து ஏதாவது செய்யுங்கள். வாழ்க்கையில் அவருக்கு இது ஒன்றுதான் மிச்சம்" என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். எனக்காக யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை.

மானேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அதட்டியிருந்தால்கூடத் தேவலை.

"போக விடுவதா? உனக்குக் கிறுக்கா? இப்படி ஒரு பீல்டர் இந்த எமிரேட்டிலேயே கிடையாது. எங்கே எறிய வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடு, அடுத்த வருஷம் கோப்பை நமக்குத்தான்."

"ஜெயித்தால் அனுப்புகிறேன் என்றீர்களே சார்?"

"விளையாட்டுக்குச் சொன்னதுப்பா. ஜெயித்திருந்தால் சத்தியமாக விட்டிருக்க மாட்டேன்."

வெளியே வந்து வெயிலில் கொஞ்ச நேரம் நின்றேன்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தைவான்காரர் ஒரு பெரிய குழாயின் நிழலில் உட்கார்ந்து டிபனைத் திறந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மானேஜர் மாஃபி" என்றேன்.

"அச்சா" என்றார். எதிர்பார்த்ததுதான் என்பதுபோலத் தலையாட்டிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். நாலு வாய் சாப்பிட்டிருப்பார். பிறகு தலையைத் தூக்காமலே, "ஜீத்தா தோ?" என்று கேட்டார். ஜெயித்திருந்தால்?

போயிருப்பாய் என்று சொல்லியிருந்தால் காலம் பூராவும் அந்த ஒரு வீச்சை நினைத்தே வெந்துகொண்டிருப்பார். அது வேண்டாம், அந்தப் பாரத்தையாவது இறக்கிவிடுவோம் என்று நினைத்தேன்.

"ஜீத்தா, தோ பி மாஃபி" என்றேன். ஜெயித்திருந்தாலும் இல்லை. "உன் தப்பு இல்லை பாய்."

அவர் டிபனை மெதுவாக மூடிக் கீழே வைத்தார். தோற்றபோது அழாத மனுஷன் அப்போது அழுதார். வாய்விட்டு, தோள் குலுங்க அழுதார். தன் தப்பு என்று நினைத்திருந்தவரைக்கும் ஊருக்கும் அவருக்கும் நடுவில் ஒரே ஒரு வீச்சுதான் இருந்தது. போயிருக்க முடியும் என்ற அந்த நினைப்பையும் நான் எடுத்துவிட்டேன்.