சலீம் மச்சானின் அளவு

சுபஹுத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது தங்கை பரீனாவின் அழைப்பு வந்தது. "நானா, அவர் மௌத்தாகிட்டாரு." அவள் கணவர் சலீம் மச்சான் இறந்த செய்தியோடு அப்படியே அவள் வீட்டுக்கு ஓடினேன்.

மதுரங்குளிச் சந்தியில் சலீம் மச்சானைத் தெரிந்த உங்களுக்கு எங்கள் பழைய மோட்டார் சைக்கிளையும் தெரியும். அவர் என் தங்கையை மணந்த கையோடு, கற்பிட்டிக்குக் கருவாடு எடுக்கப் போய்வர இருவரும் கூட்டாக வாங்கியது. ஒரு நாள் அவர் ஓட்டுவார், மறுநாள் நான்.

தீப்பொறி கொடுக்கும் பொயின்ட் உப்புக்காற்றில் அடிக்கடி களிம்பு பிடிக்கும். மூடியைக் கழற்றி, அதைத் தேய்த்து, இரண்டு முனைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சரிபண்ண வேண்டும். சண்டை அங்கேதான். நான் மெல்லிய தகடு ஒன்றை வைத்து அளப்பேன். என் அளவில் வண்டி சாதுவாகக் கிளம்பும்; என் வலது முழங்கால் ஏற்கெனவே பழுது, அதற்கு அதுதான் தோது. மச்சான் தம் கல்யாண அழைப்பிதழில் வெட்டிய அட்டைத் துண்டை வைத்து அளப்பார். அது தடிப்பு. வண்டி பறக்கும், ஆனால் கிளப்பும்போது கிக்கர் காலைத் திருப்பி உதைக்கும்.

"சோழகக் காத்துக்கு ஒங்கட அளவு இழுக்காது மச்சான். பாதி வழியில பாலாவியிலயே நிண்டுரும்" என்பார்.

"எண்ட கால் போனா யாரு பாக்குற?"

"ஒங்கட தங்கச்சி இருக்காளே, நல்லா கஞ்சி காச்சுவா."

அவர் வைத்ததை நான் மாற்றுவேன், நான் வைத்ததை அவர் மாற்றுவார். பெருநாளன்றும் புது உடுப்போடு குந்தியிருந்து அட்டையைச் செருகிய பிடிவாதக்காரர். ஒரு தடவைகூட விட்டுக்கொடுத்ததில்லை.

ஜனாஸா அடக்கம் முடிந்து சில நாட்களில் பரீனா வீட்டுக்கு வண்டியை எடுக்கப் போனேன். கடைசியாக ஓட்டியவர் அவர்தான். உதைக்கப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். சாதுவாகக் கிளம்பியது. நம்பாமல் மூடியைக் கழற்றினேன். அட்டைத் துண்டு நுழையவில்லை. என் தகடு கச்சிதமாக நுழைந்தது.

"ஆசுபத்திரிக்குப் போக முந்தி அதத்தான் தொறந்து வெச்சிட்டு இருந்தாரு" என்றாள் பரீனா. "இப்ப ஏன் இந்த வேல எண்டு ஏசினேன். இனி ஒங்கட நானாதானே ஓட்டப்போறாரு எண்டாரு."

அவள் முன்னால் அழக்கூடாது என்றிருந்தேன். முடியவில்லை.

அன்றே அட்டையைச் செருகி அவருடைய அளவுக்கு மாற்றிவிட்டேன். அந்தத் துண்டு இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. காலையில் வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் மச்சான் உதைக்கிறார். வலிக்கிறது. உதைக்கட்டும்.