சம்பந்தி வீட்டில் நான் இருந்த விரதம்

பித்தப்பையை எடுத்த பிறகு என் வயிறு மேல்தொட்டி இல்லாத வீடு மாதிரி ஆகிவிட்டது. பித்தநீரைத் தேக்கிவைத்து வேண்டும்போது திறந்துவிட ஆளில்லை. அது பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருக்கும். நெய்யோ எண்ணெயோ கொஞ்சம் கூடிப்போனால் ஓட வேண்டியதுதான். டாக்டர் சொன்னபடி இட்லி, வெந்த கேரட், வாழைப்பழம் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு ஓட்டத்தை ஓரளவு நிறுத்தியிருந்தேன். பயம் மட்டும் நிற்கவில்லை. இந்த மராட்டிய ஊரில் நான் வேலை பார்க்கும் மகர்பட்டாவில் எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் கழிப்பறை என்று கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

அந்த நேரம் பார்த்துத்தான், மகள் காதலித்த மராட்டிப் பையனின் வீட்டில் எங்களை முதல்முறையாகச் சாப்பிட அழைத்தார்கள். போளி என்றார்கள். இங்கே போளி முங்கும்வரை நெய் ஊற்றுவார்கள். போதும் என்றால் இன்னொன்று வைப்பார்கள். அதற்கும் மேல் மறுத்தால் மனசு நோகும்.

"அப்பா, அங்க போயி உங்க வயித்துக் கதைய ஆரம்பிச்சுராதீங்க. எம் மானமே போயிரும்," என்று கிளம்பும்போதே மகள் உத்தரவு போட்டாள். ஒரே ஒரு போளியோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னாள் மனைவி. என்னை ஓடவைக்க அந்த ஒன்று போதாதா? நான் சம்பந்தி வீட்டுக் கழிப்பறைக்குள் குடியேறுவதையும், அவர்கள் வெளியே வரிசையில் நிற்பதையும், கல்யாணம் நின்றுபோவதையும் காரிலேயே பார்த்து முடித்துவிட்டேன். ஹடப்ஸர் மேம்பாலம் இறங்கும்போது ஒரு யோசனை உதித்தது.

பையனின் அம்மா போளித் தட்டோடு வந்ததும், இன்றைக்கு எனக்கு விரதம் என்று என் ஓட்டை இந்தியில் சொன்னேன். விரதம் என்றால் நமக்குப் பாலும் பழமும்தானே. அந்த அம்மாள் முகம் மலர, இதை முன்னாலேயே சொல்லக்கூடாதா என்று செல்லமாகக் கடிந்துகொண்டு உள்ளே போனார். வாழைப்பழம் வரப்போகிறது என்று நான் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

வந்தது ஜவ்வரிசிக் கிச்சடி. நெய்யில் மினுமினுத்தது, மேலே வேர்க்கடலையை அள்ளிப் போட்டிருந்தார். பக்கத்தில், எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த ஜவ்வரிசி வடைகள். இந்த ஊரில் விரதச் சாப்பாடு என்பது இதுதான் என்று இத்தனை வருஷம் இங்கே குப்பை கொட்டியும் எனக்குத் தெரியாது. இதற்குப் போளியே தேவலாம்.

மகளைப் பார்த்தேன். அவளுக்காக, ஆவது ஆகட்டும் என்று ஒரு கரண்டியை வாய் வரைக்கும் கொண்டுபோய்விட்டேன்.

"அப்பா, கீழ வைங்க," என்றாள்.

பிறகு மராட்டியில் அவளே என் கதையை ஆரம்பித்தாள். பித்தப்பை, நெய் எதையும் விடவில்லை. நான் ஓடுகிற அழகை எழுந்து நடித்தும் காட்டினாள். பையனின் அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அம்மா மட்டும் சிரிக்காமல் சமையலறைக்குப் போய், சோற்றைக் குழைய வேகவைத்து, வறுத்து அரைத்த பருப்புப் பொடி தூவி, ஒரு சொட்டு நெய் இல்லாமல் கொண்டுவந்து வைத்தார். அதையும் போதும் என்றால் விடவில்லை. இன்னொரு கரண்டி விழுந்தது. வயிறு கப்சிப்பென்று இருந்தது.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. வாசலில் நின்று நான் வரவேற்ற மாப்பிள்ளை வீட்டு உறவினர்கள், என் கையை அன்போடு குலுக்கிவிட்டு, மண்டபத்துக் கழிப்பறை இருக்கும் திசையை ஒவ்வொருவராகக் காட்டிவிட்டுப் போனார்கள்.