பிடுங்கி வாங்கிய குழந்தை

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது. செம்பட்டியிலிருந்து திண்டுக்கல்லுக்கு, நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு, காலை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். நிற்கக்கூட இடமில்லாத கூட்டம். என் சீட்டை ஒட்டி ஒரு சின்ன வயசுப் பெண் நின்றாள். ஒரு கையில் துண்டு சுற்றிய கைக்குழந்தை, மறு கையில் கம்பி. ஒவ்வொரு வளைவிலும் தடுமாறினாள்.

இப்படி நிற்பவரிடம் கை நீட்டிப் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். நானும் நீட்டினேன். அவள் தலையாட்டி மறுத்துவிட்டாள். நாலு பேர் பார்க்க மறுத்ததில் எனக்குச் சுருக்கென்றது. எழுந்து இடம் கொடுக்கத் தோன்றவில்லை பாருங்கள், "ஏம்மா, பிள்ளையத் தூக்கிட்டா ஓடப்போறேன்?" என்று கேட்டேன். பக்கத்து சீட்டு அம்மாள் சிரித்தார். அந்தத் தெம்பில், டிரைவர் பிரேக் போட்டு அவள் சாய்ந்த நேரம் பார்த்து, குழந்தையை இழுத்தே விட்டேன். துண்டு விலகியது.

குழந்தையின் நெஞ்சுக்குக் கீழிருந்து இன்னும் இரண்டு குட்டிக் கால்கள் தொங்கின. விரல், நகம் எல்லாம் இருந்தன. அசைவுதான் இல்லை. நான் அலறிவிட்டேன்.

அந்த அலறலில்தான் மொத்த பஸ்ஸும் திரும்பியது. ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்னாலிருந்து ஒரு செல்போன் உயர்ந்தது. அவள் பிள்ளையை என்னிடமிருந்து வாங்கி, துண்டை இழுத்து மூடி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"கூடப் பொறக்க வேண்டியதுக்கா. வளராம இதோட ஒட்டிக்கிச்சு. ரெண்டுக்கும் இவன் இருதயந்தான் ஓடுது, தாங்காதுன்னுட்டாங்க. திண்டுக்கல்ல பஸ் மாறி, மத்தியானத்துக்குள்ள மதுரை ஆஸ்பத்திரியில சேத்தாத்தான் நாளைக்கு ஆபரேசன். ஊர்ல கூட்டங்கூடிப் பாத்தது பத்தாதாக்கா?"

செல்போன் கிட்டே வந்தது. அவள் கண்டக்டரிடம் நிறுத்தச் சொல்லி, வீடு வாசல் எதுவும் இல்லாத தென்னந்தோப்பு ஓரத்தில் இறங்கிவிட்டாள். வெயிலில், பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

நானும் இறங்கியிருக்கலாம். போன் பண்ணி ஒரு ஆட்டோவாவது வரவழைத்திருக்கலாம். ஸ்கூலுக்கு நேரமாகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அருவருப்பாக இருந்தது, அதுதான் நிஜம்.

அவள் மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்தாளா, அந்தப் பிள்ளை பிழைத்தானா, எதுவும் தெரியாது. இன்றைக்கு அவளை எங்கேயாவது பார்த்தாலும் கேட்க முடியாது. கேட்கும் யோக்கியதையை நான் அந்த சீட்டில் உட்கார்ந்தபடியே இழந்துவிட்டேன்.